எட்டுப் பக்கம் ஓட்டிப் பார்த்தவள்

ஆர் (R) என்கிற கம்ப்யூட்டர் மொழி கற்றுக்கொள்ள நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்க சார் என்று யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. கேட்கிறவன் பாவம், அவன் என்ன செய்வான். கேட்ட மாத்திரத்தில் பத்துப் பேர் பத்து லிங்க்கைத் தூக்கிப் போடுவார்கள் பாருங்கள், அவர்கள் மேல்தான் கோபம். "செம புக்கு மச்சான்", "இதுக்கு மேல பெஸ்ட் கிடையாது". நீ படித்தாயாடா என்று கேட்டுப் பாருங்கள். டவுன்லோட் பண்ணி வச்சிருக்கேன் என்பான். இந்தக் கோபம் என் சொந்தக் கோபம்கூட இல்லை. ஒரு பெண்ணிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. அவளிடம் இருந்ததில் கால் பங்கு என்னிடம் இருந்திருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிகளுக்கு பிரேக் டிரம் செய்கிற கம்பெனி எங்களுடையது. தரச் சோதனைப் பிரிவில் அவளும் நானும் ஏழு வருஷம் எதிரெதிர் மேஜை. நான் ஆவடி சேக்காட்டிலிருந்து பைக்கில் வருவேன். அவள் பூந்தமல்லியிலிருந்து பஸ். அங்கே அவள் அண்ணன்கள் இரண்டு பேரும் செருப்புக் கடை வைத்திருந்தார்கள். தலையில் துப்பட்டா, அதன்மேல் கம்பெனி ஹெல்மெட், கையில் எப்போதும் விட்டம் அளக்கிற வெர்னியர். டிப்ளமோ படித்தவள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். என்னை அண்ணாத்தே என்பாள். மரியாதை அந்த ஒரு சொல்லோடு சரி, அடுத்த சொல்லே வா, போ, உனக்கு அறிவு கீதா என்றுதான் வரும்.

எதையும் தானே சோதித்துப் பார்க்காமல் ஏற்க மாட்டாள். அவ்வளவுதான் அவள். கேன்டீனில் போண்டா வாங்கினால் முதலில் பிட்டு உள்ளே வெந்திருக்கிறதா என்று பார்ப்பாள். வேகாமல் இருந்தால் தன் போண்டாவை மட்டும் மாற்றிக்கொண்டு வரத் தெரியாது. தட்டிலிருந்து இன்னும் நாலை எடுத்துப் பிட்டுப் பார்த்துவிட்டு, "மாஸ்டரு, மொத்த ஈடும் வேகல. திரும்ப எண்ணெயில போடு" என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்பாள். பின்னால் வரிசையில் நிற்கிற நாங்கள் பல்லைக் கடிப்போம். டீ பிரேக் பத்து நிமிஷம்தான். அதில் எட்டு நிமிஷம் அவளுடைய நியாயத்துக்குப் போய்விடும்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதை இன்னும் மோசம். கிண்டியில் பெரிய கம்பெனியில் வேலை என்று சொல்லிக்கொண்டு ஒரு வரன் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. இவள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி அந்தக் கம்பெனி வாசலுக்கே போய் வாட்ச்மேனிடம் விசாரித்தாள். அப்படி ஓர் ஆளே அங்கே கிடையாது. மறுநாள் மேஜையில் வந்து உட்கார்ந்து வெர்னியரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஊட்ல எல்லாரும் என்னியத்தான் திட்றாங்கோண்ணாத்தே. பொம்பளப் புள்ள போயி விசாரிக்கலாமான்னு. பொய் சொன்னானே, அவன ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல." அன்றைக்கு அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. சிரித்திருப்பேன். நான் சிரித்தே காலத்தை ஓட்டியவன்.

டிரம்முக்கான இரும்பு வார்ப்புகள் வெளியிலிருந்து லாட் லாட்டாக வரும். ஒவ்வொன்றையும் அளக்க முடியாது. லாட்டுக்கு எட்டு என்று எடுத்து அளப்போம். ஒன்று தவறினால் இன்னொரு எட்டு. அதிலும் ஒன்று தவறினால் மொத்த லாட்டுக்கும் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். இதுதான் முறை. முறை என்று சுவரில் ஒட்டியிருக்கும், நடப்பது வேறு. ஒன்று தவறினால் அதை ஓரமாக வைத்துவிட்டு நல்லதாக ஒன்றை எடுத்து அளக்கிற கை எங்கள் எல்லோருக்கும் உண்டு. அவளுக்குக் கிடையாது. அனுப்பியவர்கள் ஆள் மேல் ஆள் விட்டுப் பேசுவார்கள். "சொம்மா பிலிம் காட்டாத. இந்த டிரம்ம மாட்டிகினு போற லாரி பாடி பிரிட்ஜுல எறங்கும்போது பிரேக் புடிக்கலன்னா, முன்னால போறவன் ஊட்டுக்கு நீ போய் பதில் சொல்லுவியா?" என்று கேட்பாள். வந்தவன் சிவப்புச் சீட்டை வாங்கிக்கொண்டு போவான். அதைக் கேட்டு என் கையும் கொஞ்ச நேரம் ஒழுங்காக அளக்கும்.

இப்படி இருந்த இடத்தில்தான் ஆர் வந்தது.

அளவுகளைப் போட்டுக் கோடு வரைந்து, இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறதா இல்லையா என்று காட்டும் மென்பொருள் ஒன்று எங்களிடம் இருந்தது. அதன் உரிமத்தைக் கம்பெனி புதுப்பிக்கவில்லை. மேனேஜர் ஒரு நாள் எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டு, இனிமேல் ஆர்தான், உலகமே அதைத்தான் வைத்துப் புள்ளிவிவரம் போடுகிறது, இலவசம், மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். ஆவடி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பயிற்சி நிலையத்தையும் பேசி வைத்திருந்தார். சாயங்கால வகுப்பு. அங்கே சர்ட்டிஃபிகேட் வாங்குகிறவர்களுக்கு இந்த மேஜை. வாங்காதவர்கள் பிசிறு தேய்க்கிற ஷெட்டுக்குப் போக வேண்டும். வார்ப்பின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பைக் கல்லில் பிடித்துத் தேய்க்கிற இடம் அது. காலையில் வெள்ளைச் சட்டையோடு உள்ளே போகிறவன் மதியம் கரியாக வெளியே வருவான். இருமல் நிற்காது. எனக்கு நாற்பத்தைந்து வயது, ஏற்கெனவே மூச்சுத் தொந்தரவு.

அன்றிலிருந்து புத்தக வேட்டை. அந்த மொழிக்கு ஒற்றை இங்கிலீஷ் எழுத்தில் பேர் வைத்த மகானை நான் திட்டாத நாள் கிடையாது. ஒற்றை எழுத்தைப் போட்டுத் தேடினால் என்னதான் கிடைக்கும்? மேனேஜர் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து நாற்பது பிடிஎஃப் அனுப்பினார். நாங்கள் மூன்று பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினோம். நாற்பதில் ஒன்றைக்கூட நான் திறக்கவில்லை. மேனேஜரும் திறந்திருக்க மாட்டார்.

அவள் திறந்தாள். நாற்பதையும் திறந்தாள். எப்படித் தெரியுமா? வார்ப்பு லாட்டைச் சோதிக்கிற மாதிரியே. அந்த மொழியில் அவள் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட கட்டளையே, ஒன்றிலிருந்து முந்நூறுக்குள் ஏதாவது எட்டு எண் கொடு என்பதுதான். அது கொடுத்த எட்டுப் பக்கங்களைப் புரட்டி, அதில் இருக்கிற கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து அடித்து ஓட்டிப் பார்ப்பாள். புத்தகத்தில் போட்டிருக்கும் விடை வருகிறதா? வந்தால் அடுத்த பக்கம். ஒன்று தவறினால் இன்னொரு எட்டு. அதிலும் தவறினால் சிவப்பு.

ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். நான் பார்த்திருக்கிறேன். "பக்கம் 61: ஃபைலைத் திற என்கிறான். ஃபைல் எங்கே? கொடுக்கவில்லை. சிவப்பு." "பக்கம் 112: இது எழுதினவன் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். அவன் ஃபோல்டர் பேரோடு அச்சடித்திருக்கிறான். சிவப்பு." "பக்கம் 9: இதெல்லாம் உங்களுக்கே தெரியும் என்கிறான். தெரிந்தால் நான் ஏன் உன்னிடம் வருகிறேன்? சிவப்பு." வீடியோக்களையும் விடவில்லை. "எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. பின்னால் பாட்டு வேறு. சிவப்பு."

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது பூவைக் கண்டுதான். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் உதாரணத்துக்கு அதே ஒரு பூ. அதன் இதழ் எத்தனை நீளம், எத்தனை அகலம் என்ற அதே பட்டியல். ஒரு நாள் மேஜையில் கையால் ஓங்கி அடித்தாள், என் டீ சிந்தியது. "எவனப் பாத்தாலும் பூவ அளந்துகினு கீறான். இதோட பதினோராவது பூ. நம்ம கைல கீறது பிரேக் டிரம்மு. பூவ அளந்து நான் இன்னா மால கட்டப் போறனா?"

"வுடும்மா. கிளாஸ்ல மெட்டீரியல் குடுப்பாங்க இல்ல, அதப் படிச்சிக்கலாம்" என்றேன்.

"அத்த ஓட்டிப் பாத்தியா?"

"இன்னும் குடுக்கவே இல்லியேம்மா."

"குடுத்தப்பால மட்டும் பாத்துடுவியா நீ?"

நாற்பதில் மூன்று தேறின. அதில் ஒன்று, எழுதியவர்களே எல்லோரும் படிக்கட்டும் என்று இணையத்தில் சும்மா போட்டுவைத்த புத்தகம். அதைவிட அவளைக் குதிக்க வைத்தது வேறு. அந்த மொழியை ஏற்றும்போதே கூடவே உதவிப் பக்கங்களும் ஏறிவிடுகின்றன. ஒவ்வொரு கட்டளைக்கும் விளக்கம், அடியில் உதாரணம். உதாரணத்தை அது தானே ஓட்டியும் காட்டும். "உள்ளயே கீதுண்ணாத்தே! ஊட்டுக்குள்ளயே வெச்சிகினு தெருத்தெருவா தேடிகினு கீறோம்" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதன் இங்கிலீஷ் கரடுமுரடு. வரிக்கு வரி பென்சிலால் கோடு போட்டு, புரியாத சொல்லை போனில் பார்த்து, தமிழில் தன் நோட்டில் எழுதிக்கொண்டே போனாள். பூவைத் தூக்கிப் போட்டுவிட்டு எங்கள் டிரம்மின் உள்விட்ட அளவுகளை வைத்தாள். மூன்று மாதத்தில் அந்த நோட்டு நாற்பது பக்கத்துக்கு வந்துவிட்டது.

பயிற்சி நிலையம் ஒரு செல்போன் கடை மாடியில் இருந்தது. சார் நல்ல மனுஷன்தான், குரல் உயர்த்த மாட்டார். முதல் நாளே ஸ்பைரல் பைண்டிங் போட்ட மெட்டீரியலைக் கையில் கொடுத்தார். அதைப் பார்த்து ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும். காலேஜில் படித்த எல்லோருக்கும் இந்த ரெக்கார்டு நோட்டின் லட்சணம் தெரியும். வலது பக்கம் கட்டளை, இடது பக்கம் விடை, அளவுகோல் வைத்து ஓரக்கோடு. கம்ப்யூட்டரில் ஓட்டி, வந்த விடையை எழுத வேண்டும் என்பது பேச்சு. போன பேட்ச்காரனின் ரெக்கார்டை வாங்கி அப்படியே பார்த்து எழுதுவதுதான் பழக்கம். அவன் அதற்கு முந்தைய பேட்ச்காரனைப் பார்த்து எழுதியிருப்பான். அந்த விடையை முதலில் எவன் ஓட்டினான், எந்தக் காலத்தில் ஓட்டினான் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். பன்னிரண்டு பயிற்சிக்கும் சார் கையெழுத்து இருந்தால்தான் பரீட்சை. பரீட்சை எழுதினால் சர்ட்டிஃபிகேட்.

அவள் மெட்டீரியலை வாங்கிய இடத்திலேயே எட்டுப் பக்கம் ஓட்டிப் பார்த்துவிட்டு முதல் வரிசையில் எழுந்து நின்றாள். "சார், இதுல மூணு பக்கம் ஓடல." சார் சிரித்துக்கொண்டே, போகப்போகப் புரியும் உட்காருங்கம்மா என்றார். அன்றிலிருந்து வாரம் ஒரு தடவை எழுந்து நிற்பாள். வகுப்பில் பாதிப் பேர் பிள்ளைகள், எங்களைவிடச் சின்னவர்கள். அவள் எழுந்தாலே கிண்டலாக இருமுவார்கள். நானும் குனிந்துகொள்வேன். ஏன் இவள் இப்படி மானத்தை வாங்குகிறாள் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். அந்த எரிச்சலை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

வில்லங்கம் ஏழாவது பயிற்சியில் வந்தது. ஏதோ ஓர் இயந்திரப் பாகத்தின் அளவுகளும் பக்கத்தில் அது எந்த ஷிஃப்ட்டில் செய்தது என்பதும் உள்ள ஒரு பட்டியல். ஷிஃப்ட்டுகள் எத்தனை வகை என்று அந்த மொழியைக் கேட்க வேண்டும். மெட்டீரியலில் ஏ, பி, சி என்று மூன்று வகை வந்ததாகப் போட்டிருந்தது. ஓட்டினால் அப்படி வராது. ஒன்றுமில்லை என்றுதான் வரும். ஏன் என்று அவள்தான் தோண்டிக் கண்டுபிடித்தாள். பழைய காலத்தில் அந்த மொழி, பட்டியலில் சொற்கள் உள்ள நெடுவரிசையைத் தானாகவே வகைகளாகப் பிரித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது நாமாகச் சொன்னால்தான் பிரிக்கும். மெட்டீரியல் எழுதியது மாற்றத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு அதை ஒருத்தரும் ஓட்டிப் பார்க்கவில்லை. எத்தனை பேட்ச் தாண்டியதோ, எத்தனை பிள்ளைகள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, வராத விடையை அழகான கையெழுத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிப் போனார்களோ!

அவள் எனக்கு போன் செய்து, "நீயும் ஒரு தபா ஓட்டிப் பாருண்ணாத்தே" என்றாள். அன்றைக்கு ஓட்டினேன். உண்மையாகவே ஓட்டினேன். ஒன்றுமில்லை என்றுதான் எனக்கும் வந்தது. "ஆமாம்மா, நீ சொல்றதுதான் சரி" என்று அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, போன பேட்ச்காரனின் ரெக்கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏ, பி, சி என்று கறுப்பு மையில் எழுதினேன். கையெழுத்து வேண்டுமே.

மறுநாள் சார் ஒவ்வொரு ரெக்கார்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவளுடைய ஏழாவது பக்கத்தில் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"என்னம்மா இது, ஒன்றுமில்லைன்னு எழுதிட்டு வந்திருக்கீங்க? விடை தப்பு. மெட்டீரியல்ல பாருங்க."

"மெட்டீரியல்தான் தப்பு சார். ஓட்டிக் காட்றேன், பாருங்க." லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள். ஓட்டினாள். அதே ஒன்றுமில்லை.

"உங்க லேப்டாப்ல ஏதோ கோளாறு."

"அப்ப உங்க சிஸ்டத்துலயே ஓட்டுங்க சார்."

சார் முகம் மாறியது. அவர் பின்னால் நாலு கம்ப்யூட்டர் சும்மாதான் இருந்தன. அவர் திரும்பவில்லை. "பரீட்சைக்கு வெளியிலேர்ந்து வர்றவர் இந்த விடையைத்தான் எதிர்பார்ப்பார்மா. இத்தனை பேருக்கும் ஒழுங்கா வந்திருக்கு, உங்களுக்கு மட்டும் வரலைன்னா எப்படி?" என்றார்.

"யாருக்கும் வராது சார். யாரும் ஓட்டியிருக்க மாட்டாங்கோ. அண்ணாத்தே ஓட்டினாரு. அவரக் கேளுங்க."

சார் என்னைப் பார்த்தார். வகுப்பே என்னைப் பார்த்தது. "சொல்லுங்க சார், உங்களுக்கு என்ன வந்தது?"

என் ரெக்கார்டு அவர் கையில் திறந்தபடி இருந்தது. அதையும் சேர்த்து இன்னும் ஆறு கையெழுத்து பாக்கி. ஷெட்டின் கரி என் மூக்கில் ஏறியது போல இருந்தது. "மெட்டீரியல்ல இருக்கிற மாதிரிதான் சார் வந்துது" என்றேன்.

பின்வரிசையில் இருமினார்கள். போண்டாவுக்கும் மாப்பிள்ளைக்கும் பூவுக்கும் கத்திய வாய் அன்றைக்குக் கத்தவில்லை. அவள் என் ரெக்கார்டை வாங்கி ஏழாவது பக்கத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள். "தப்ப எழுதிகினுதான் வாங்கணும்னா அந்தக் கையெழுத்தே வேணாம் சார்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டாள்.

நான் சர்ட்டிஃபிகேட் வாங்கினேன். நல்ல மார்க்.

அவளை ஷெட்டுக்கு மாற்றினார்கள். மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் செய்ததுதான் சரி, எனக்கும் அப்படித்தான் வந்தது என்று ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை நாக்கில் வைத்துக்கொண்டே ஒரு மாதம் ஓட்டினேன். ஷெட்டுக்குப் போன முதல் நாள் மத்தியானம் அவள் முகமெல்லாம் கரியோடு எங்கள் பிரிவுக்கு வந்தாள். எல்லோர் முன்னாலும் கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கிழித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோட்டை என் மேஜையில் டொப்பென்று போட்டாள்.

"இந்தா. நாளைலேர்ந்து லாட்ட நீதான் பாக்கப் போற. உனக்கு ஒண்ணுந் தெரியாது. இத்தப் படி."

"எம்மா, அன்னைக்கு நான்..."

"உனக்குன்னு குடுக்கல. தப்பான டிரம்ம நீ பாஸ் பண்ணி உட்டுட்டா எவனோ ஒருத்தன் சாவான். அவனுக்காகக் குடுக்கறேன்."

இரண்டு மாதம் தேய்த்தாள். அப்புறம் நின்றுவிட்டாள். வேறு எங்கோ வேலை கிடைத்தது என்றார்கள்.

அந்த நோட்டுதான் எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தது. நாற்பது பக்கத்தில் ஓடாத வரி ஒன்றுகூடக் கிடையாது. நான் சோதித்துப் பார்த்தேன், ஐயா, அதிலாவது சோதித்துப் பார்த்தேன். ஆறு மாதத்தில் பிரிவில் ஆர் தெரிந்தவன் என்றால் நான்தான் என்று ஆகிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்க நம் கம்பெனிக்கென்று ஒரு பயிற்சிப் புத்தகம் போடலாமே என்று மேனேஜர் கேட்டார். நோட்டை டைப் செய்து கொடுத்தேன். ஒரே ஒரு பக்கம் மட்டும் நானாகச் சேர்த்தேன். என் மூளைக்கும் ஏதாவது வேலை கொடுத்த மாதிரி இருக்கட்டுமே என்று. அச்சாகி வந்தபோது முதல் பக்கத்தில் தயாரித்தவர் என்று என் பேர் இருந்தது. நான் போடச் சொல்லவில்லை. எடுக்கவும் சொல்லவில்லை. நீங்களே எழுதினதா சார் என்று ஒரு புதுப் பையன் கண்ணை விரித்துக் கேட்டான். ஆமாம் தம்பி என்றேன்.

போன மாதம், சாப்பாட்டு நேரம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"அண்ணாத்தே, நான்தான். நசரத்பேட்டையில கீறேன், இங்கயும் டிரம்மு செய்ற கம்பெனிதான். உங்க கம்பெனிலேர்ந்து ஒரு பொண்ணு இங்க வேலைக்கு வந்துகீது. கைல ஒரு புக்கு வெச்சிகினு கீது."

சோற்றிலிருந்து கையை எடுத்தேன். எத்தனையோ தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தவை ஒன்றும் வரவில்லை. "எம்மா, அந்தப் பேரு... நானா போடலம்மா, அவங்களா..." என்று உளற ஆரம்பித்தேன்.

"பதினாலாம் பக்கம் தப்பு" என்றாள்.

பதினாலாம் பக்கம் நான் சேர்த்தது. ஏதாவது ஓர் அளவு விட்டுப்போயிருந்தால் அதை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்குச் சராசரி தானாகவே வந்துவிடும் என்று எழுதியிருந்தேன். இதில் என்ன இருக்கிறது, பச்சைப் பிள்ளைக்கும் தெரியுமே என்று ஓட்டிப் பார்க்கவில்லை.

"தானா வராது. விட்டுப்போனத ஒதுக்குன்னு நீ சொல்லணும். சொல்லலன்னா சராசரியே குடுக்காது. இந்தப் பொண்ணு இன்னா பண்ணிகீது தெரியுமா? புக்குல வரும்னு போட்டுகீதே, நமக்கு வரலியேன்னு பயந்துகினு, காலியா கீற எடத்துல எல்லாம் டிராயிங்ல கீற அளவையே போட்டு ரொப்பிகீது. அளக்காத டிரம்முக்கெல்லாம் சரியான அளவு! மூணு லாட்டு பாஸ் ஆயி வண்டில ஏத்தற வரைக்கும் போயிடுச்சு. நான் பாக்கலன்னா? அந்தப் பொண்ண நான் இன்னான்னு திட்றது? சொல்லுண்ணாத்தே, இன்னான்னு திட்றது?"

போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். கேன்டீனில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது, வெட்கத்தில்தான். அவள் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினாள்.

"திருத்திடறேம்மா. இன்னைக்கே மேனேஜரப் பாத்து எல்லாத்தையும் சொல்லிடறேன். உன் நோட்டுதான்னு சொல்றேன். புதுசா அச்சடிச்சி, முத பக்கத்துல உன் பேரப் போடச் சொல்றேம்மா."

"என் பேரப் போடாத."

"இல்லம்மா, அதுதான் நியாயம்..."

"நாப்பது பக்கம் ஓட்டிப் பாத்து எழுதி வெச்சேன். நீ ஒண்ணு சேத்த, அதுவும் தப்பா சேத்த. இன்னும் எங்கெங்க கைய வெச்சியோ எனக்குத் தெரியாது. உன் பேரே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.